இருளில் சீழ்க்கை அடிக்கும் சிறகித் தாரா

விளக்கு வைக்கும் நேரத்தில் எழும் ஒரு சத்தம் குளக்கரைக் கிராமங்களில் வாழ்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. யாரோ ஒரு சிறுவன் விசிலடித்துக்கொண்டு வானத்தில் போவதுபோல, "ச்சீ-சிக், ச்சீ-சிக்" என்ற இரட்டை ஒலி தலைக்கு மேலே கேட்கும். அண்ணாந்து பார்த்தால் பத்துப் பதினைந்து கரிய உருவங்கள் குளத்திலிருந்து வயல் பக்கமாகப் பறந்து செல்வது மங்கலாகத் தெரியும். "காட்டுத் தாரா போகுது" என்று சொல்லிவிட்டு நாம் எமது வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம்.

இலங்கையில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் காட்டுத் தாரா இதுதான். வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணக் குளங்களிலும், தெற்கே பூந்தல போன்ற இடங்களிலும், கொழும்பை அண்டிய தலங்கம குளத்திலும் இதனைக் காணலாம். ஆனாலும் இது எப்படியான பறவை, எங்கே கூடு கட்டுகின்றது, எதை உண்கின்றது என்று கேட்டால் எம்மில் பலருக்கு விடை தெரியாது. அதிகமாக இருக்கும் ஒன்றை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் இப்பறவையைப் பற்றிய அறிவு எமது வீட்டுச் சமையலறை வரைக்கும் தேவைப்படும் ஒன்றாகும். அது ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பெயரும் உறவும்

தமிழில் வெளியான பறவை நூல்கள் இதனைச் "சீழ்க்கைச் சிறகி" என்று குறிப்பிடுகின்றன. சீழ்க்கை என்றால் விசில். இக்கட்டுரையில் எமது வழக்குச் சொல்லையும் சேர்த்து, சிறகித் தாரா என்றே அழைப்போம். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் "டென்ட்ரோசிக்னா ஜவானிகா" என்பதாகும். ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த பறவையைக் கொண்டு 1821 ஆம் ஆண்டு தோமஸ் ஹோர்ஸ்ஃபீல்ட் என்பவர் இதனை விபரித்தமையால் அத்தீவின் பெயர் ஒட்டிக்கொண்டது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடக்கம் மியன்மார், தாய்லாந்து, இந்தோனேசியா, தென்சீனா வரை இது பரந்து வாழ்கின்றது.

எமது வீடுகளில் வளர்க்கும் தாராக்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. வீட்டுத் தாராக்களில் பெரும்பாலானவை மல்லார்ட் எனப்படும் வடநாட்டுக் காட்டு வாத்தின் வழிவந்தவை. முகத்தில் சிவந்த தசை தொங்கும் பெரிய மஸ்கோவித் தாரா, தென், மத்திய அமெரிக்கப் பறவையின் வழிவந்தது. சிறகித் தாரா இவ்விரண்டிலிருந்தும் வேறான குலத்தைச் சேர்ந்தது. ஆகவே, "பிடித்து வளர்த்தால் பழகிவிடும்" என்று எண்ணுவது தவறாகும்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் பருமனைப் பாருங்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளமும், அரைக் கிலோ அளவு நிறையும் கொண்ட சிறிய பறவை இது. வீட்டுத் தாராவின் பக்கத்தில் நின்றால் மெலிந்த சின்னப்பிள்ளைபோலத் தோன்றும்.

அடுத்தது நிறம். தலையும் கழுத்தும் வெளிறிய சாம்பல் கலந்த மண்ணிறம். உச்சந்தலை மட்டும் கடும் மண்ணிறம். முதுகு கருமையாகவும், அதன் இறகுகளின் ஓரங்கள் செம்மையாகவும் இருக்கும். நெஞ்சும் வயிறும் பழம்புளியின் செம்மண்ணிறம். அலகும் கால்களும் கருஞ்சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று உண்டு. கிட்ட நின்று பார்த்தால் மாத்திரமே அது தெரியும்.

மூன்றாவது நிற்கும் விதம். கழுத்தும் கால்களும் நீளமானவை. எனவே கரையில் நிற்கும்போது நிமிர்ந்து, ஏதோ சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல நிற்கும். மரக்கொம்பில் ஏறி அமர்வதும் இதன் தனி இயல்பாகும். குளத்தின் நடுவே நிற்கும் பட்டமரத்தில் வரிசையாகத் தாராக்கள் அமர்ந்திருந்தால் அவை பெரும்பாலும் சிறகித் தாராக்களே.

நான்காவது பறக்கும் விதம். மற்றைய காட்டு வாத்துகள் கூரிய சிறகுகளை விரைவாக அடித்து அம்புபோலப் பாயும். இதுவோ அகன்று வட்டமான கரிய சிறகுகளை மெதுவாக அடித்துப் பறக்கும். தலை சற்றுத் தாழ்ந்திருக்கும். கால்கள் வாலுக்கு அப்பாலும் நீண்டு தெரியும். பறக்கும்போது ஓயாமல் சீழ்க்கை அடிக்கும். இருட்டிலும் இதனை அடையாளம் காண அந்தச் சத்தமே போதுமானது.

ஆணையும் பெண்ணையும் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும்.

இதனுடன் குழம்பக்கூடிய பறவைகள்

குளத்தில் மிதப்பவை எல்லாம் சிறகித் தாரா அல்ல. பின்வருவனவற்றை வேறுபடுத்தத் தெரிந்தால் குழப்பம் நீங்கிவிடும்.

குள்ளத் தாரா: எமது நாட்டுத் தாராக்களில் மிகச் சிறியது. தாமரை, அல்லி நிறைந்த குளங்களில் சோடியாகத் திரியும். ஆண் பறவை வெண்ணிறமாக இருக்கும். கழுத்தில் கரிய பட்டியும், முதுகில் பச்சை மினுக்கமும் உண்டு.

புள்ளி மூக்கு வாத்து: வீட்டுத் தாராவின் பருமன் கொண்டது. கறுத்த அலகின் நுனி மஞ்சள்; கால்கள் செம்மஞ்சள். வடக்கே, குறிப்பாக மன்னார்ப் பக்கத்தில் காணலாம்.

நீலச்சிறகி: ஐரோப்பா, வட ஆசியப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருவது. ஆணின் கண்ணுக்கு மேலே வெண்ணிறப் பட்டை புருவம் வரைந்ததுபோல இருக்கும்.

ஊசிவால் வாத்து: இதுவும் வலசை வரும் பறவைதான். நீண்ட கழுத்தும் கூரிய வாலும் கொண்டது. மன்னார்க் களப்புகளில் பெருங்கூட்டமாகத் தங்கும்.

முக்குளிப்பான்: தாராக் குஞ்சு என்று பலர் எண்ணுவது இதைத்தான். வால் இல்லாததுபோலத் தோன்றும் சின்ன உருண்டைப் பறவை. அலகு தட்டையாக இராது, கூராக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கி வேறோரிடத்தில் எழும்பும்.

நாமக்கோழி: உடல் முழுவதும் கறுப்பு, அலகும் நெற்றியும் வெள்ளை. நெற்றியில் நாமம் இட்டதுபோல இருப்பதால் இந்தப் பெயர்.

வலசை வரும் வாத்துகளை ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரையில்தான் இங்கே காணலாம். சிறகித் தாரா ஆண்டு முழுவதும் எம்முடனேயே வாழ்வது. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் குளத்தில் ஒரு தாராக் கூட்டத்தைக் கண்டால், அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கோடையில் சிறு குளங்கள் வற்றும்போது, தண்ணீர் எஞ்சியுள்ள பெரிய குளங்களில் இவை நூற்றுக்கணக்கில் ஒன்று சேரும்.

பகலில் ஓய்வு, இரவில் இரை

சிறகித் தாரா பெரும்பாலும் இரவில் இரை தேடும் பறவையாகும். பகலில் குளத்தின் நடுவே, அல்லிக்கொடிகளுக்கும் நாணல்களுக்கும் இடையில் கூட்டமாக மிதந்தபடியே தூங்கும். அந்திப்பொழுதானதும் சிறு சிறு கூட்டமாகக் கிளம்பி வயல்களுக்கும் சேற்றுநிலங்களுக்கும் செல்லும். விடியுமுன் மீண்டும் குளத்துக்குத் திரும்பிவிடும்.

நீர்த்தாவரங்களின் குருத்து, புல்விதை, நெல்மணி ஆகியன இதன் முக்கிய உணவு. நத்தை, புழு, பூச்சி, சிறுமீன், தவளை என்பவற்றையும் உண்ணும். தலையை நீருக்குள் அமிழ்த்தி மேய்வதோடு, தேவைப்பட்டால் முழுதாக மூழ்கியும் இரை தேடும்.

மற்றைய தாராக்களைப் போலவே, ஆண்டில் ஒருமுறை இதன் சிறகின் பெரிய இறகுகள் எல்லாம் ஒன்றாக உதிரும். புதிய இறகு முளைக்கும் வரை சில வாரங்களுக்குப் பறக்க இயலாது. அக்காலத்தில் அடர்ந்த நீர்ச்செடிகளுக்குள் ஒளிந்திருப்பதே அதற்கு ஒரே பாதுகாப்பு. நாய்களிடமும் வலை வீசுபவர்களிடமும் அது இலகுவாக அகப்பட்டுக்கொள்வதும் இக்காலத்தில்தான்.

தந்தையும் அடைகாக்கும் குடும்பம்

பல காட்டு வாத்து இனங்களில் பெண் பறவை முட்டையிட்டு அடையில் அமர்ந்ததும் ஆண் பறவை அதனை விட்டுப் போய்விடும். மல்லார்ட் இதற்கு நல்ல உதாரணம். குஞ்சு வளர்க்கும் சுமை முழுவதும் தாயின் தலையில்தான்.

சிறகித் தாராவின் குடும்பம் அப்படிப்பட்டதல்ல. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்னர் இரண்டும் சேர்ந்தே அவற்றை வழிநடத்தும். வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் பெண்ணுக்கு மட்டுமே உரியவை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்தச் செய்தியை ஒருமுறை உரத்து வாசிக்கலாம்!

மழை பெய்து குளங்கள் நிறையும் காலத்தை ஒட்டி இவை கூடு அமைக்கின்றன. முதிய மரத்தின் பொந்து, மரக்கவர், காகமோ கொக்கோ கைவிட்ட பழைய கூடு, நீரோரத்துப் புற்புதர் என இடத்துக்கேற்பத் தெரிவுசெய்யும். ஒரு கூட்டில் வழக்கமாக 7 தொடக்கம் 12 வரை வெண்ணிற முட்டைகள் இருக்கும். 22 தொடக்கம் 24 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கோழி முட்டைக்கு 21 நாட்கள், வீட்டுத் தாராவின் முட்டைக்கு 28 நாட்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பஞ்சுப்பொதிபோல இருக்கும் குஞ்சுகள் பொரித்துச் சிறிது நேரத்திலேயே கூட்டை விட்டுவிடும். பறக்கத் தெரியாத அவை, கீழேயிருந்து பெற்றோர் அழைக்கும் குரலைக் கேட்டு மரத்திலிருந்து குதிக்கும். எடை குறைந்த உடலும் மென்மையான தூவியும் இருப்பதால் பெரும்பாலும் அடிபடுவதில்லை. பின்னர் பெற்றோரின் பின்னால் வரிசையாக நடந்து நீரைச் சென்றடையும். இந்தச் சிறிய பயணத்தில்தான் பாம்பு, கீரி, காகம், பருந்து, நாய், வாகனம் என்று ஆபத்துகள் நிறைந்துள்ளன. பத்துக் குஞ்சுகளோடு புறப்படும் குடும்பத்தில் சிலவே வளர்ந்து பறப்பது வழமை.

வயலுக்கு நண்பனா, எதிரியா?

கமக்காரக் குடும்பங்களுக்கு இப்பறவை மீது கோபம் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கின்றது. காலபோகத்துக்கு விதைத்த முளைநெல்லை இரவில் வந்து தின்றுவிடும். தின்பதைவிட மிதித்துச் சேறாக்குவதே அதிகம். கடன்பட்டு விதைநெல் வாங்கி விதைத்த ஒரு குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல. மறுபக்கத்தில், களை விதைகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் உண்பதும், அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பொறுக்குவதும் இதே பறவைதான்.

விதைப்புக்குப் பிந்திய முதல் சில வாரங்களே கவனமாக இருக்க வேண்டிய காலம். தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளங்களிலேயே தாராக்கள் அதிகம் இறங்கும். ஆகவே நிலத்தை நன்கு மட்டப்படுத்தி, விதைத்த பின்னர் நீரை வடித்துவிடுவது பெரிதும் உதவும். வரம்புகளில் மினுங்கும் நாடாக்கள் கட்டுதல், தகரம் தட்டுதல், வெளிச்சம் காட்டுதல் என்பன இரவுக் காவலுக்குத் துணையாகும். ஒரே முறையை நாள்தோறும் செய்தால் பறவை பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அயல் வயற்காரர்கள் ஒரே காலத்தில் விதைத்தால் சேதம் ஒரு வயலில் குவியாமல் பகிரப்பட்டுவிடும்.

நஞ்சு வைத்த நெல்

இவற்றுக்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் தெரிவுசெய்யும் வழி மிக ஆபத்தானது. நெல்லில் பூச்சிநாசினியைக் கலந்து வரம்போரங்களில் தூவிவிடுகின்றார்கள். இறைச்சிக்காகவும் சிலர் இவ்வாறு செய்வதுண்டு. சிறகித் தாரா மட்டுமல்ல, அந்த நெல்லைப் பொறுக்கும் வீட்டுக் கோழியும், புறாவும், இறந்த பறவையைத் தின்னும் நாயும் பருந்தும் இதனால் சாகின்றன.

இங்கேதான் விடயம் எமது சமையலறைக்கு வருகின்றது. "காட்டுத் தாரா, இப்பதான் பிடிச்சது" என்று சொல்லி ஒருவர் படலையடியில் நின்று மலிவு விலைக்குத் தரும்போது, அது எப்படிப் பிடிபட்டது என்பது எமக்குத் தெரியாது. வெடிக் காயமோ கண்ணிக் காயமோ இல்லாமல் பல பறவைகள் ஒன்றாகக் கிடைத்திருந்தால் சந்தேகிக்கத்தான் வேண்டும். நன்றாக அவித்தால், மிளகாயும் மஞ்சளும் போட்டால் நஞ்சு முறிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பூச்சிநாசினி அடுப்புச் சூட்டில் நம்பகமாக அழியும் ஒன்றல்ல. கர்ப்பிணித் தாய்மாரையும் சிறுபிள்ளைகளையும் அது மற்றையோரைவிட அதிகம் பாதிக்கும்.

இவ்வாறான இறைச்சியை உண்ட பின் வாந்தி, வயிற்று நோ, அளவுக்கதிகமான வியர்வை, வாயிலிருந்து நீர் வடிதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்பட்டால் கைவைத்தியம் செய்து காலத்தைக் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். என்ன உண்டார்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

இதைவிட, இப்பறவையைக் கொல்வதும் விற்பதும் சட்டப்படி குற்றமாகும். 1937 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ளதும், 2009 ஆம் ஆண்டு திருத்தப்பட்டதுமான வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிறகித் தாராவும் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் எல்லாப் படலைகளிலும் காவல் நிற்க முடியாது. வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை. அரைக் கிலோ நிறையுள்ள பறவையில் இறகும் குடலும் போக மிஞ்சும் இறைச்சி எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதற்காக ஒரு குடும்பமே உயிராபத்தை விலைக்கு வாங்குவதா?

குளமும் மரமும் சேர்ந்தால்தான்

உலக அளவில் சிறகித் தாரா அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் கருதப்படவில்லை. எனினும் ஓர் ஊரின் குளத்திலிருந்து அது மறைந்துபோக அதிக காலம் தேவையில்லை. அதன் வாழ்க்கைக்கு மூன்று இடங்கள் வேண்டும்: பகலில் ஒளிந்திருக்கச் செடிகொடி உள்ள குளம், இரவில் மேயச் சேற்றுநிலம், கூடு வைக்க முதிய மரம். இவற்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் பயனற்றுவிடும்.

குளத்தைத் துப்புரவு செய்யும்போது சல்வீனியா, ஆகாயத்தாமரை போன்ற வேற்றுநாட்டுக் களைகளை அகற்றுவது நல்லதே. ஆனால் அல்லி, நாணல், கோரை என்று எல்லாவற்றையும் ஒட்டச் சுரண்டிவிட்டால் தாராவுக்கும் மீனுக்கும் ஒதுங்க இடமிராது. அலைகரையில், அதாவது குளத்தின் மேற்பக்கத்து நீரோரத்தில், நிற்கும் பழைய மருதமரம் பொந்து விழுந்தது, காய்ப்பும் நிழலும் குறைந்தது என்று வெட்டப்படுகின்றது. அந்தப் பொந்துதான் தாராவின் பிரசவ அறை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றின் கூட்டங்களில் குளத்து வேலைகள் பேசப்படும்போது, "கரையின் ஒரு பக்கத்தைச் செடியோடு விடுவோம், பொந்து மரங்களை வெட்டாமல் விடுவோம்" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாலே போதும்.

பெரிய அளவிலான பாதுகாப்பும் நடைபெற்றுள்ளது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் சிறகித் தாராவில் பெரும்பகுதி இத்தகைய இடங்களுக்கு வெளியே, பெயர் தெரியாத சின்னக் கிராமத்துக் குளங்களில்தான் வாழ்கின்றது.

குஞ்சுகளைக் கண்டால்

வீதியோரத்தில் அல்லது முற்றத்தில் தனியாக நிற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவதுண்டு. அவற்றை அநாதைகள் என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். பெரும்பாலும் பெற்றோர் அருகிலேயே மறைந்திருக்கும்.

* நாய், பூனைகளைக் கட்டிவைத்து, நீங்களும் தூர விலகி நின்று சிறிது நேரம் பாருங்கள்.
* வீதியில் ஆபத்தில் நின்றால், எடுத்த இடத்துக்கு அண்மையிலுள்ள நீரோரச் செடிகளுக்குள் எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றாக விட்டுவிட்டு அகன்றுவிடுங்கள்.
* சோறோ பாணோ ஊட்ட வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரத்தில் நெடுநேரம் நீந்த விடவும் வேண்டாம். பெற்றோரின் வெதுவெதுப்பு இல்லாத குஞ்சு குளிரில் விறைத்து இறந்துவிடும்.
* காயப்பட்டிருந்தால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டான இடத்தில் வைத்து, அண்மையிலுள்ள வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.
* இறந்து கிடக்கும் நீர்ப்பறவைகளை வெறுங்கையால் தொடவோ, வீட்டுக் கோழிகளுக்கு அருகில் போடவோ கூடாது. பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளோடு ஒரு மாலை

பறவை பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் அவசியமில்லை. ஒரு விடுமுறை நாளில், பொழுது சாய்வதற்கு அரைமணி நேரம் முன்னதாகப் பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓசைப்படாமல் இருந்து, எத்தனை தாராக்கள், எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பறந்தன என்று ஒரு கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இவ்வாறு குறித்துவந்தால், ஓராண்டில் உங்கள் ஊர்க் குளத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பதிவேடு உருவாகிவிடும். 1987 ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் ஜனவரி மாதந்தோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இவ்வாறு தன்னார்வலர்கள் எண்ணிக் குறிப்பதிலேயே தங்கியுள்ளது.

கவண் எடுத்துக் கல்லெறியும் பிள்ளையைத் திட்டுவதைவிட, "அதன் பெயர் என்ன, அது எங்கே கூடு வைக்கும், யார் அடைகாப்பது?" என்று கேட்டுச் சொல்லிக் கொடுப்பது அதிக பலன் தரும். பெயர் தெரிந்த ஒன்றின் மீது கல்லெறிய எந்தப் பிள்ளையும் சற்றுத் தயங்கும். படலையடிக்கு வரும் இறைச்சியை வேண்டாம் என்று சொல்வதும், குளக்கரைப் பொந்து மரத்தை வெட்டாமல் காப்பதும் பெரியவர்களாகிய எமது பங்கு. இரண்டும் பணச் செலவில்லாத வேலைகள்தாம். இன்று மாலையே ஆரம்பிக்கலாமே.